கொலைக்குக் காரணம் ஒரு சட்டப்பிரிவு

துப்பறியும் கதை என்றதும் நமக்கு விஷம், கைரேகை, பூதக்கண்ணாடி இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆங்கிலத்தில் வந்த சில நல்ல கதைகளில் கொலைகாரர் விஷத்தைவிட அதிகமாக நம்பியிருப்பது சட்டப் புத்தகத்தை. இரண்டு கதைகளைச் சொல்கிறேன். முடிவையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும், படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

முதலாவது, 1920இல் வந்த அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், ஸ்டைல்ஸ் மாளிகைக் கதை. பணக்கார மனைவி விஷத்தால் சாகிறாள், ஊரே புருஷனைச் சந்தேகப்படுகிறது, அவனோ வாயே திறக்காமல் கைதாகத் தயாராக நிற்கிறான். ஏன்? விசாரணை முடிந்து விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சியங்களை ஜோடித்து வைத்துவிட்டு, கோர்ட்டில் அந்த நேரத்தில் தான் வேறு இடத்தில் இருந்ததை நிரூபித்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. அதனால் குற்றவாளியைக் கைது செய்யவிடாமல் துப்பறிபவரான பொய்ரோவே தடுக்கிறார்! (2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்தத் திட்டம் பலிக்காது, வலுவான புதுச் சாட்சியம் கிடைத்தால் கொலை வழக்கை மறுபடி நடத்தலாம்.)

இத்தனைக்கும் கிறிஸ்டிக்கு அப்போது கோர்ட் நடைமுறை சரியாகத் தெரியாது. பொய்ரோ சாட்சிக் கூண்டில் நின்று மர்மம் முழுவதையும் விளக்குவதாக அவர் முதலில் எழுதியிருந்தார், பதிப்பாளர் ஜான் லேன் மாற்றச் சொல்லிவிட்டார். சரிதானே, ஒரு சாட்சி அவ்வளவு நேரம் பிரசங்கம் செய்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? அப்புறம்தான் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து முடிச்சவிழ்க்கும் காட்சியாக அது மாறியது.

இரண்டாவது எனக்கு இன்னும் பிடித்தது. டோரதி சேயர்ஸ் 1927இல் எழுதிய ‘அன்நேச்சுரல் டெத்’. பணக்காரக் கிழவிக்குப் புற்றுநோய், சில மாதங்களில் போய்விடுவாள், சொத்தெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் சகோதரியின் பேத்திக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க எதற்குக் கொலை? கிழவி உயில் எழுத மறுக்கிறாள், 1926 ஜனவரி 1 முதல் புதிய வாரிசுச் சட்டம் அமலுக்கு வருகிறது. அதன்படி சகோதரியின் சந்ததி என்றால் பிள்ளைகள் மட்டுமா, பேரப்பிள்ளைகளும் சேர்த்தியா? இதை வக்கீல்கள் அலசும் பக்கங்களைச் சிலர் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் கொலைக்கான காரணமே அங்கேதான் இருக்கிறது. சட்டம் அந்தப் பேத்திக்கு எதிராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, தெளிவாக இல்லாவிட்டாலே போதும். அந்தச் சந்தேகத்தைக் கோர்ட்தான் தீர்க்க வேண்டும், கோர்ட்டுக்கு அது போக வேண்டுமானால் கிழவி புதுச் சட்டத்தின் கீழ் சாக வேண்டும். அதற்கு முன்பே செத்தால் பழைய சட்டப்படி சொத்து பேத்திக்கே, அதனால் அந்தப் பெண் அதுவரை காத்திருக்கவில்லை, 1925 நவம்பரிலேயே காரியத்தை முடித்துவிடுகிறாள்.