வெள்ளித் திட்டும் ஏழு கூட்டாளிகளும்

நேயர்களுக்கு வணக்கம். வில்லியம் ஃபிப்ஸ் என்ற மனிதரின் கதையை அமெரிக்காவில் முந்நூறு வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். 1651இல், இன்றைய மெய்ன் மாநிலத்தில் கென்னெபெக் ஆற்றோரம் பிறந்தவர். பதினெட்டு வயது வரை ஆடு மேய்த்தார். பிறகு கப்பல் தச்சரானார். பாஸ்டனுக்கு வந்தபிறகுதான் எழுதப் படிக்கவே கற்றார். அப்படிப்பட்டவர் 1687இல் கடலடியிலிருந்து முப்பது டன்னுக்கு மேல் வெள்ளியை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அரசர் அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார்.

ஃபிப்ஸ் இறந்த இரண்டு வருடத்தில், 1697இல், காட்டன் மேதர் என்ற பாஸ்டன் போதகர் அவருடைய வாழ்க்கையை எழுதினார். அதில் எல்லாமே கடவுளின் கருணை, ஃபிப்ஸின் மன உறுதி. நான் அதைப் படித்தபோது மனத்தில் நின்றது வேறொரு கேள்வி. ஆடு மேய்த்த ஆளுக்கு இரண்டு கப்பல்களைச் சாமான் ஏற்றி அனுப்பக் காசு போட்டது யார்? அதைத் தேடிப் போனால் ஒரு கம்பெனி வருகிறது. புதையல் எடுப்பதற்கென்றே கூடிய கம்பெனி. அதன் பிறப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1641இல் மெக்சிகோவின் வெள்ளியோடு ஸ்பெயினுக்குப் புறப்பட்ட கான்செப்சியான் என்ற கப்பல் புயலில் சிக்கி, பாய்மரம் இழந்து, வாரக்கணக்கில் அலைந்தது. எங்கே இருக்கிறோம் என்பதில் தளபதி வில்லவிசென்சியோவுக்கும் வழிகாட்டி மாலுமிகளுக்கும் கருத்து வேறுபாடு. திசையை முடிவு செய்யும் பொறுப்பு அந்த வழிகாட்டிகளுடையது என்பது அன்றைய விதி. அவர்கள் சொன்ன திசையில் போன கப்பல், ஹிஸ்பானியோலா தீவுக்கு வடக்கே ஒரு பவளத் திட்டில் ஏறி உடைந்தது. ஹிஸ்பானியோலா என்றால் இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும். பிழைத்தவர்களில் யாராலும் அந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியவில்லை. அந்தத் திட்டை இன்று 'வெள்ளித் திட்டு' என்றே வரைபடங்களில் குறிக்கிறார்கள்.

இனி கம்பெனிக்கு வருவோம். ஃபிப்ஸின் முதல் முயற்சிக்குக் கம்பெனி இல்லை. 1683இல் அரசர் இரண்டாம் சார்லஸ் 'ரோஸ்' என்ற கப்பலை இரவல் கொடுத்தார். மாலுமிகளுக்குச் சம்பளம் கிடையாது, புதையல் கிடைத்தால் பங்கு. அரசர் தரப்பில் கண்காணிக்க ஜான் நெப் என்பவரை ஏற்றிவிட்டார்கள். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. அதைப் படித்தால் அந்தக் கப்பல் எப்படி நடந்தது என்று தெரியும்: அடங்காத ஆட்கள், குடி, சண்டை. சம்பளம் இல்லாத ஆளை எதைச் சொல்லிக் கட்டிப்போடுவது? கலகமும் வந்தது. 1685இல் ஃபிப்ஸ் லண்டன் திரும்பியபோது அரசருக்கு நஷ்டம்தான் மிச்சம். சார்லஸும் இறந்துவிட்டிருந்தார்.

இந்தத் தோல்வியிலிருந்துதான் கம்பெனி பிறந்தது என்று நான் நினைக்கிறேன். 1686இல் அல்பமார்ல் பிரபு ஃபிப்ஸுக்காகப் பணம் திரட்டினார். ஊரறிந்த கடனாளி அவர். கூட்டாளிகள் ஏழு பேர். போட்ட மூலதனம் மொத்தம் 3,200 பவுண்டு. அதில் கால் பங்கு, 800 பவுண்டு, அல்பமார்லுடையது. மற்றவர்களில் இரண்டு பேரைக் கவனியுங்கள். ஒருவர் சர் ஜேம்ஸ் ஹேய்ஸ். ஹட்சன் பே கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவர். கனடாவின் தோல் வியாபாரத்தில், தூர தேசத்துக்குக் கப்பல் அனுப்பி லாபத்தைப் பங்கு போடுவது எப்படி என்று பழகியவர். இன்னொருவர் சர் ஜான் நார்பரோ, கடற்படைத் தளபதி. பணம், வியாபார அனுபவம், கடல் அனுபவம் மூன்றும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தன.

இந்த முறை மாலுமிகளுக்குச் சம்பளம் பேசினார்கள். ஃபிப்ஸுக்குப் பதினாறில் ஒரு பங்கு. அரசர் இரண்டாம் ஜேம்ஸ் உரிமைப் பத்திரம் கொடுத்தார், அவருக்குப் பத்தில் ஒன்று. இந்தக் கணக்கைப் பார்க்கும்போது முந்தைய பயணத்தின் ஒவ்வொரு காயத்துக்கும் மருந்து போட்டிருப்பது தெரிகிறது. மேதர் எழுதிய வாழ்க்கைக் கதையில் இந்தக் கூட்டாளிகள் ஓரத்தில் நிற்கிறார்கள். எனக்கு அவர்கள்தான் கதையின் நடு.

சரி, இதையெல்லாம் எங்கே தேடுவது? கம்பெனி என்றதும் அலுவலகம், பதிவேடு, கோப்பு என்று நினைக்கத் தோன்றும். இது அப்படிப்பட்டதல்ல. ஒரு வேலைக்காகக் கூடினார்கள், பணத்தைப் பிரித்ததும் கலைந்தார்கள். ஆகவே தாள்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. ஒரு பகுதி லண்டன் அரசாங்கத்துக்குக் காலனி ஆளுநர்கள் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. அந்தக் கடிதங்களின் சுருக்கங்கள் வருடவாரியாக அச்சாகியிருக்கின்றன. புதிதாகத் தேடுகிறவர்களுக்கு அதுதான் நல்ல வாசல்.

அங்கே ஒரு குழி இருக்கிறது, பலரும் விழுவார்கள். அன்றைய இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25ஆம் தேதிதான் தொடங்கும். ஆகவே 1686 ஜனவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1687 ஜனவரி. இதைக் கவனிக்காவிட்டால், கப்பல்கள் புறப்படுவதற்கு முன்பே புதையலை எடுத்துவிட்டதாக ஆகிவிடும்.

கப்பல்கள் இரண்டு. ஃபிப்ஸின் 'ஜேம்ஸ் அண்ட் மேரி' பெரியது. ஃபிரான்சிஸ் ராஜர்ஸ் ஓட்டிய 'ஹென்றி' சிறியது. 1686 செப்டம்பரில் புறப்பட்டார்கள். திட்டைக் கண்டுபிடித்தது ஃபிப்ஸ் அல்ல, அவர் அனுப்பிய ராஜர்ஸ்தான். 1687 ஜனவரி 20. தெளிந்த தண்ணீருக்குள் பார்த்தபோது பவளத்துக்கு நடுவே பீரங்கிகள் கிடந்தன.

இறங்கி எடுத்தவர்கள் அமெரிக்கப் பூர்வகுடி முக்குளிப்பவர்கள். முத்துக்குளிப்பு பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஆறேழு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்துக்கு இறங்கி, நாற்பத்தைந்து வருடமாகப் பவளம் மூடிய வெள்ளியை உடைத்து எடுத்து மேலே வரவேண்டும். ஒரு தடவை அல்ல, வாரக்கணக்கில் தினமும். கூட்டாளிகளின் பங்கு பின்னம் பின்னமாக எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எல்லாருடைய செல்வத்தையும் நெஞ்சுக்குள் அடக்கிய மூச்சால் தூக்கிவந்தவர்களை மேதர் வெறுமனே 'இந்தியன்' என்று எழுதிவிட்டுப் போகிறார். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

1687 ஜூனில் லண்டனில் கணக்குப் பார்த்தபோது மதிப்பு 2,00,000 பவுண்டுக்கு மேல். 800 பவுண்டு போட்ட அல்பமார்லுக்கு 40,000க்கு மேல் கிடைத்தது. ஃபிப்ஸுக்குச் சுமார் 11,000. செய்தி பரவியதும் ஜமைக்காவிலிருந்தும் பெர்முடாவிலிருந்தும் சிறு படகுகள் திட்டை நோக்கி ஓடின. அரசரின் பத்தில் ஒன்றை அவர்களிடம் எப்படி வசூலிப்பது என்பது ஆளுநர்களுக்குப் பெரிய தலைவலி. லண்டனிலோ, ஆளாளுக்கு முக்குளிக்கும் கருவி கண்டுபிடித்துக் கம்பெனி தொடங்கினார்கள். 1690களின் பங்குக் கம்பெனி மோகத்துக்கு இந்த வெள்ளியும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தத் தாள்கள் என்னவாயின? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அல்பமார்ல் ஜமைக்காவுக்கு ஆளுநராகப் போனார். அவருடன் மருத்துவராகப் போன இளைஞர் ஹான்ஸ் ஸ்லோன். பின்னாளில் அவர் சேர்த்துவைத்த பொருள்களை வைத்துத்தான் பிரிட்டிஷ் மியூசியம் தொடங்கியது. ஃபிப்ஸின் கப்பல் நாட்குறிப்பு அந்த ஸ்லோன் சேகரிப்பில்தான் இருக்கிறது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில்.

சரி, திட்டைக் கண்டுபிடித்த 'ஹென்றி'யின் நாட்குறிப்பு? இடத்தைச் சரியாகச் சொல்லக்கூடியது அதுதான். அதற்கு நார்பரோவைப் பின்தொடர வேண்டும். மிச்ச வெள்ளிக்காக அவரே மறுபடி கடலுக்குப் போனார். 1688இல் அந்தத் திட்டிலேயே காய்ச்சலில் இறந்தார், உடலைக் கடலில் விட்டார்கள். அவருடைய மனைவி எலிசபெத், தளபதி ஷவெலை மறுமணம் செய்தார். 1707இல் ஷவெலின் கப்பல் சில்லித் தீவுகளில் மோதி உடைந்தபோது அவரும், உடன் இருந்த நார்பரோவின் இரண்டு மகன்களும் ஒன்றாக இறந்தார்கள். எலிசபெத்துக்கும் ஷவெலுக்கும் பிறந்த ஒரு மகள் பின்னாளில் ராம்னி பிரபுவான மார்ஷமை மணந்தார். அந்த ராம்னி குடும்பத்துத் தாள்களுக்குள் 'ஹென்றி'யின் நாட்குறிப்பு இருநூறு முந்நூறு வருடம் கிடந்தது.

பீட்டர் ஏர்ல் என்ற வரலாற்றாசிரியர் 1970களில் அதை இங்கிலாந்தின் மெயிட்ஸ்டன் ஊர் ஆவணக்காப்பகத்தில் அடையாளம் கண்டார். 1977இல் திட்டு முழுக்கத் தேடி வெறுங்கையோடு திரும்பியிருந்த பர்ட் வெபர் என்ற அமெரிக்கருக்கு அந்தத் தகவல் போனது. ராஜர்ஸ் எழுதிவைத்த திசைக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு 1978 நவம்பரில் அவர் மறுபடி இறங்கினார். பவளத்துக்கு நடுவே, ஏழு கூட்டாளிகளின் ஆட்கள் விட்டுப்போன மிச்ச வெள்ளிக் காசுகள் அங்கே இருந்தன.