பென்சிலில் எழுதிய ஒரு வரி

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 27 வருடம் இருந்தவன் நான். பிசிர் வெட்டுகிற மேசையில் ஆரம்பித்து புரொடக்‌ஷன் மேனேஜர் வரைக்கும் வந்தேன். தொழிலாளர்களைப் பாராட்டுவது பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தில் கேட்டபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நான் பாராட்டாமல் விட்ட ஒருவரைத்தான்.

அன்றைக்கு ஒரு டி-ஷர்ட் ஆர்டர், சுமார் 6,000 பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. செக்கிங்கில் இருந்த ஓர் அக்கா ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். வேலை நேரத்தில் எங்கே போகிறார் என்று எனக்கு எரிச்சல். அவர் வெயிலில் பீஸை விரித்துப் பிடித்து, "சார், உடம்புக்கும் கைக்கும் ஷேடு வேற" என்றார். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நீலம். பகல் வெளிச்சத்தில் கை கொஞ்சம் பச்சை அடித்தது. கட்டிங்கில் இரண்டு சாய லாட்டின், அதாவது வெவ்வேறு தடவை சாயம் போட்ட, துணி கலந்திருந்தது. தைத்து முடிந்தது நானூறு பீஸ்தான். மீதியைப் பிரித்து, லாட் பார்த்து அடுக்கி, ஆர்டரைக் காப்பாற்றிவிட்டோம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். நானும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன். அந்த அக்காவின் பெயரை நான் சொல்லவே இல்லை. வேண்டுமென்று மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது, அந்த நேரத்தில் தோன்றவில்லை. அந்த வருட ஆண்டு விழாவில் எல்லாருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அவருக்கும் கிடைத்தது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஷிப்ட்டுக்குப் பத்து ரூபாய்கூட அதிகம் இல்லை அங்கே.

நம் பேச்சில் 'கவனிப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. கண்ணால் பார்ப்பதும் கவனிப்புதான், விருந்தாளிக்கு இலை போட்டுப் பரிமாறுவதும் கவனிப்புதான். மேசைக்கு அடியில் கொடுப்பதற்கும் அதே சொல்தான், அதை விடுங்கள். பல கம்பெனிகளில் இரண்டாவது கவனிப்பு தாராளமாக நடக்கிறது. முதலாவதுதான் நடப்பதில்லை.

தீபாவளி போனஸையே எடுத்துக்கொள்ளுங்கள். "பாராட்டி போனஸ் கொடுத்தேன்" என்று சொல்கிற முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். போனஸ் சட்டம் 1965-இல் வந்தது. குறைந்தபட்சம் வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்று பிறகு ஆனது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். தகுதியுள்ள தொழிலாளிக்கு அது சேர வேண்டிய பாக்கி. விலைவாசி உயர்வுக்காகத் தருகிற பஞ்சப்படிக்காக 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. சேர வேண்டியதை வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் இங்கே யாரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கார் கொடுப்பது, பைக் கொடுப்பது எல்லாம் செய்தியில் வருகிறது. 2022-இல் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் மூத்த ஊழியர்கள் 5 பேருக்கு பி.எம்.டபிள்யூ. கார் கொடுத்தது. அடுத்த வருடம் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டக்காரர் தீபாவளிக்கு ராயல் என்ஃபீல்டு வண்டிகள் கொடுத்தார். நல்லதுதான், குறை சொல்லவில்லை. இரண்டில் எனக்குப் பிடித்தது கோத்தகிரி. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் சாவி கிடைத்தது பாருங்கள்.

ஆனால் வண்டி வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு எல்லாருக்கும் வசதி இல்லை. நாற்காலி போடலாம் அல்லவா? ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே சேலை விரித்துக் காட்டுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடி 2018-இல் வந்தது. தமிழ்நாட்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்தார்கள். நாற்காலி போட்டுவிட்டு, "யாரும் உட்காருவதில்லையே" என்று கேட்ட ஒரு கடைக்காரரும் எனக்குத் தெரியும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார், அப்புறம் எப்படி உட்காருவார்கள்?

'இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்' என்று போட்டோ மாட்டுகிற வழக்கம் எங்கள் யூனிட்டிலும் வந்தது. முதல் மூன்று மாதம் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு சண்டை வரக்கூடாது என்று லைன் வாரியாக முறை வைத்தோம். சிங்கர் மெஷினில் தைக்கிற ஒரு டெய்லர், "அடுத்த மாசம் நான்தான் சிறந்தவன், போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே அதைக் கழற்றியிருக்க வேண்டும்.

ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அதிகமான பிறகு இன்னொரு கூத்து. வருடக் கணக்கில் வேலை செய்கிறவரையும் "ஏ, ஹிந்திக்காரா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒடியா பேசுகிறவருக்கும் அதே பெயர். அவர்கள் பெயரை அட்டென்டன்ஸ் பார்க்காமல் சொல்ல நான் பழகுவதற்கு இரண்டு மாதம் ஆனது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் நாள் ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பையன் பயந்து எழுந்து நின்றுவிட்டான். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறான்.

சரி, நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம், கவரில் போட்டுக் கொடுப்போம். அந்த அக்கா போன பிறகு, கவரின் மூலையில் பென்சிலால் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். எல்லாருக்கும் இல்லை, வாரத்துக்கு ஐந்தாறு பேருக்கு. 'நல்ல வேலை' என்று எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். 'கழுத்துப்பட்டி மூட்டு இந்த வாரம் எங்கும் சுருங்கவில்லை.' 'செவ்வாய்க்கிழமை புதுப் பெண்ணுக்குக் கைமடி சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன்.' இப்படி. இதை எழுத வேண்டுமென்றால் வாரம் முழுக்க லைனில் சுற்ற வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து எழுத முடியாது.

ஒரு சனிக்கிழமை ஒரு டெய்லரம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இந்த வாரம் ஒண்ணும் இல்லையா?" என்றார். "டேமேஜ் ஜாஸ்தி அம்மா" என்றேன். "அது நூல் சரியில்லை சார், அதை எழுதுங்க" என்றார். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே நூல்தான். அடுத்த கவரில் அதை எழுதினேன்.

இப்போது சம்பளம் வங்கிக் கணக்கில் போய்விடுகிறது, கவர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு சிறிய யூனிட்டுக்கு ஆலோசனை சொல்லப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே பேக்கிங் பிரிவில் மட்டும், சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். சூப்பர்வைசர் தம்பி, "என்ன எழுதறதுன்னே தெரியலையே சார்" என்கிறார். ஒரு வாரம் ஸ்டூலை விட்டு எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.