படகு ஓட்ட வந்தவர்கள் ஏன் மணலிலேயே நிற்கிறார்கள்?

சரி, ரெக்கார்டிங் ஓடுகிறது. காற்று மைக்கில் கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"பாய்மரப் படகு ஓட்டுகிறேன் என்கிறாய், வீடியோவில் பாதி நேரம் மணலில் நின்று அரட்டைதானே அடிக்கிறாய்?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான். பீச் கேட்டமரான், அதாவது மணலிலிருந்தே கடலில் இறக்கும் இரட்டை உடல் படகு, அப்படிப்பட்டது. ஆள் சேராமல் நகராது.

இதோ, என் பின்னால் இருப்பது ஹோபி 16. நீளம் 5 மீட்டர் சொச்சம், எடை 145 கிலோ. ஒல்லியாக இரண்டு ஹல், அதாவது மிதக்கும் உடல்கள், நடுவில் நாம் உட்கார இழுத்துக் கட்டிய துணித்தளமான டிராம்போலின், அவ்வளவுதான். இதை உருவாக்கிய ஹோபி ஆல்ட்டர் கலிபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்தவர். 1968-இல் ஹோபி 14-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தார், அடுத்த சில ஆண்டுகளில் இந்த 16 வந்தது. துறைமுகமே வேண்டாம், மணலிலிருந்து நேராக அலைக்குள் இறக்கலாம் என்பதுதான் இதன் சிறப்பு. துறைமுகம் இல்லையென்றால் கிரேனும் இல்லை, கயிறு பிடிக்கச் சம்பளத்துக்கு ஆளும் இல்லை. பக்கத்துப் படகுக்காரரின் தோள்தான் கிரேன்.

பாய்மரத்தை நிறுத்துவதைப் பாருங்கள். சுமார் 8 மீட்டர் நீள அலுமினியம். ஒருவர் டிராம்போலின் மேல் நின்று தூக்குவார், ஒருவர் முன்கம்பியை இழுப்பார். மூன்றாவதாக ஒருவர் சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். சும்மா இல்லை, முக்கியமான வேலையே அதுதான்: மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது. அலுமினிய மரம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதன் பிறகுதான் ஹோபியில் மரத்தின் நுனியை ஃபைபர் கிளாஸாக மாற்றினார்கள். நுனி மாறியதால் ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. அதனால் படகைச் சக்கரத்தில் வைத்து உருட்டும்போதும் அந்த மூன்றாவது ஆள் வேண்டும்.

அப்புறம், இங்கே ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வது குறைவு. "பிளக் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு ஹல்லின் பின்னாலும், இதோ, கட்டைவிரல் பருமனில் ஒரு ஓட்டை. உள்ளே இறங்கிய தண்ணீரை வடிக்க அதைத் திறந்து வைப்போம். மூடாமல் கிளம்பினால் ஹல் மெல்ல நிரம்பி, பின்பக்கம் தாழ்ந்து, படகு சொன்ன பேச்சைக் கேட்காது. எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் கேட்டுவிடுவார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது.

கரைக்குத் திரும்பும் படகைப் பார்த்தால், டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதுதான் இங்கே மரியாதை. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள். பின்னால் வரும் ஒரு அலை மொத்தப் படகையும் தூக்கி உங்கள் முழங்காலில் போட்டுவிடும். பக்கவாட்டில் நின்று அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பிடியுங்கள். இன்னொன்று, மணலில் விரித்து வைத்திருக்கும் படகின் பாயை யாராவது மிதித்துக்கொண்டு போனால் அவரை யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் அடுத்த வாரமும் நினைவு வைத்திருப்பார்கள்.

கவிழ்வது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இது கவிழும் படகு. கவிழ்ந்தால் பாயின் கயிறுகளை விடுவித்து, அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி, மேலே இருக்கும் ஹல்லின் மீது ஒரு கயிற்றைப் போட்டு, உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்க வேண்டும். ஹோபி 16-ஐ நிமிர்த்தத் தனி ஆளின் எடை பெரும்பாலும் போதாது. அதனால் பக்கத்தில் போகிற படகு தன் ஓட்டத்தை விட்டுவிட்டு வட்டமடித்து வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும். கட்டைவிரலைக் காட்டும்வரை போகாது. முன்பின் பேசியிராத இரண்டு பேர் ஒரே கயிற்றில் தொங்கிவிட்டு, கரையில் வந்துதான் பெயரே கேட்டுக்கொள்வார்கள்.

சரி, இனி ஸ்கிப்பர், க்ரூ சமாச்சாரம். சுக்கான் பிடிப்பவர் ஸ்கிப்பர், கூட இருந்து முன்பாயைக் கவனிப்பவர் க்ரூ. டிராம்போலின் அகலம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு. ஒரு சின்ன அறையில் சண்டைக்காரரோடு அடைபட்ட மாதிரி, தள்ளி உட்கார இடமே இல்லை. காற்றுக்கு எதிராகத் திரும்பும்போது இருவரும் ஒரே நேரத்தில் பக்கம் மாற வேண்டும். முன்பாயின் கயிற்றை இரண்டு நொடி முந்தித் தளர்த்தினால்கூடப் படகு காற்றை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்போது கத்துகிற ஸ்கிப்பருக்கு அடுத்த முறை க்ரூ கிடைப்பது கஷ்டம். கணவன் மனைவியாக வருபவர்களில், வீட்டில் யார் குரல் ஓங்கி இருக்கும் என்பது முதல் திருப்பத்திலேயே கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும். என் கருத்து: புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் சொந்த வீட்டாரோடு ஏறாமல், வேறு ஒருவர் படகில் ஏறுவது நல்லது.

ஒலிம்பிக்கில்கூட 2016 முதல் நாக்ரா 17 என்ற கேட்டமரானில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் ஓட்டுகிறார்கள். அதற்கு முன் 1976 முதல் 2008 வரை டொர்னாடோ என்ற கேட்டமரான் இருந்தது. அந்த வேகமெல்லாம் நமக்கு எட்டாது, விடுங்கள்.

நம் மட்டத்துப் போட்டிகளில் எனக்குப் பிடித்தது ஹோபி 16 உலகப் போட்டியின் ஏற்பாடு. படகுகளைப் போட்டி நடத்துபவர்களே தருவார்கள், பந்தயத்துக்குப் பந்தயம் படகு கைமாறும். "என் பாய் பழசு" என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. முந்தைய பந்தயத்தில் அதே படகை ஓட்டியவரிடமே, "சுக்கான் எப்படி?" என்று கேட்டுக்கொண்டு ஏறலாம்.

சேர விரும்புகிறவர்களுக்கு: உடனே படகு வாங்காதீர்கள். படகுகள் இறங்கும் நேரத்துக்கு மணலுக்குப் போங்கள். மரம் தூக்க ஒரு கை கொடுங்கள். யாருக்காவது க்ரூ வராமல் போயிருக்கும், அது எப்போதும் நடப்பதுதான். லைஃப் ஜாக்கெட்டும், நனைந்தால் பரவாயில்லை என்ற உடையும் போதும். உங்களிடம் முதலில் கேட்கப்போவது பெயரையா எடையையா என்று பந்தயம் கட்டினால், நான் எடை என்பேன். ஹோபி 16 பந்தய விதிப்படி இருவர் எடையும் சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும், குறைந்தால் படகில் எடை ஏற்ற வேண்டும். அதனால் யாராவது மேலும் கீழும் பார்த்துவிட்டு "எத்தனை கிலோ?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். இரண்டு கிலோ குறைத்தும் சொல்லாதீர்கள்.