கழுத்துச் சிரைக்கு அழுத்தாத கை வேண்டும்

வணக்கம் நேயர்களே.

ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போய்வரும் உறவினர் நம்மில் பலருக்கு இருப்பார். கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்த வழி) முதிரும்வரை அவருடைய கழுத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், குழாய் பொருத்தியிருப்பார்கள். சில மாதம் கழித்துக் கையோ முகமோ வீங்கினால், “கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன்” என்று டாக்டர் எழுதித் தருவார். ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அந்தச் சோதனையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்கு இறக்குவது உள் கழுத்துச் சிரை. அதை ஒட்டியே, தலைக்கு ரத்தத்தை ஏற்றும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. தமனியின் சுவர் தடித்தது. இலேசாக அழுத்தினால் அதன் வட்டம் குலையாது. சிரையோ தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபின் எடை பட்டாலே படுத்துவிடும். சோதனைக்குக் கைகொடுப்பதும் இந்தக் குணம்தான், சோதனையைக் கெடுப்பதும் இதுதான்.

முதலில் அது கைகொடுக்கும் இடம். தாடையின் கீழிருந்து காறை எலும்புவரை, ஓரிரு சென்டிமீட்டருக்கு ஒருமுறை, குறுக்குவாட்டில் மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். இரு சுவர்களும் முழுதாக ஒட்டினால் அங்கே ரத்தக்கட்டி இல்லை. புதிய கட்டி திரையில் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியலாம் என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கட்டி தெளிவாகத் தெரிந்துவிட்டால் மேற்கொண்டு அழுத்தக் கூடாது.

அடுத்து ரத்த ஓட்டத்தை அளக்கும்போது அதே அழுத்தம் பகையாகிவிடும். ஜெல்லைத் தடிமனாக வைத்து, சுண்டுவிரலை நோயாளியின் நெஞ்செலும்பில் ஊன்றி, புரோப் தோலில் மிதப்பதுபோல் பிடிக்க வேண்டும். சிரையின் குறுக்குப் பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர், சராசரி வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் விநாடிக்கு 8 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 480. பரப்பை அழுத்திய நிலையிலும் வேகத்தை அழுத்தாத நிலையிலும் எடுத்தால் இந்தக் கணக்கு பாதியாகக்கூடச் சரியும். சிரை முட்டை வடிவம் என்பதால், விட்டத்தை அளந்து வட்டமாகக் கணக்கிடுவதும் தவறு. ஓரத்தை வரைந்தே பரப்பை எடுக்க வேண்டும். டாப்ளர் கோணம், அதாவது ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம், 60 பாகைக்கு மேல் போகக் கூடாது. உண்மையில் 60 இருக்க, திரையில் 65 என்று வைத்தால் வேகம் ஏறக்குறைய 18 விழுக்காடு கூடுதலாகக் காட்டும்.

படுத்திருக்கும் நிலையும் முக்கியம். எழுந்து உட்கார்ந்தால் இந்தச் சிரை சுருங்கிப்போகும். மூளையின் ரத்தம் பெரும்பாலும் முதுகெலும்பைச் சுற்றிய சிரைகள் வழியே இறங்கும். அதனால் கட்டில் எத்தனை பாகையில் இருந்தது என்று எழுதாத அறிக்கையை அடுத்த அறிக்கையோடு ஒப்பிட முடியாது. விண்வெளியில் எடையே இல்லாதபோது என்ன ஆகிறது தெரியுமா? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், 11 விண்வெளி வீரர்களில் 6 பேருக்கு இடப்பக்கச் சிரையில் ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது தெரிந்தது.

என் பார்வையில் இந்தச் சோதனையின் பெரும் பயன், நெஞ்சுக்குள் இருப்பதை அது மறைமுகமாகச் சொல்வதுதான். காறை எலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் பின்னால் உள்ள பெரிய சிரைகளை ஒலி எளிதில் எட்டாது. ஆனால் வழி திறந்திருந்தால் இதயத் துடிப்பும் மூச்சும், கழுத்துச் சிரையின் ஓட்டத்தைத் திரையில் காட்டும் அலையில் ஏறி இறங்கும். பழைய குழாயின் தழும்பால் உள்ளே அடைப்பு இருந்தால் அலை தட்டையாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் தட்டை என்றால் நெஞ்சுக்குள் அந்தப் பக்கத்துச் சிரையிலும், இரு பக்கமும் என்றால் இரு பக்கச் சிரைகளும் சேர்ந்து இதயத்துக்குப் போகும் மேற்பெருஞ்சிரையிலும் சந்தேகம் விழும். மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கும் அலை மங்கும். அதனால்தான் மூக்கை ஒருமுறை உறிஞ்சச் சொல்கிறார்கள். அப்போதும் தட்டையாகவே இருந்தால் சிடி அல்லது சாயம் செலுத்தும் படம் தேவைப்படலாம். வலச்சிரை இயல்பாகவே பெரிதாக இருக்கும் என்பதால், அளவு வேறுபாட்டை மட்டும் கண்டு பயப்பட வேண்டாம்.

இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை. கழுத்து திறந்த சட்டை போதும். சோதனையின்போது பேசாமல், முக்காமல் இயல்பாக மூச்சு விடுங்கள். இதற்குமுன் கழுத்திலோ நெஞ்சிலோ போட்ட ஒவ்வொரு குழாயும் எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எங்கே கூடுதல் நேரம் தேட வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.