தண்ணியப் படிச்ச புரொபசரம்மா

மேடையில இருக்குற துணைவேந்தர் அம்மா அவர்களே, முதல்வர் ஐயா அவர்களே, எனக்கு முன்னாடி அருமையா, கொஞ்சம் நீளமாவும், பேசி முடிச்ச சிறப்பு விருந்தினர் அவர்களே, பொன்னாடை போர்த்துன துறைத்தலைவர் அவர்களே, பின்வரிசையில நிக்கிற மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துல ஜியாகிராபி புரொபசரான ஜூடித் ரீஸ் அம்மாவைப் பத்தி மூணு விஷயம் சொல்லணும். அவங்க தண்ணி ஆராய்ச்சி, நிர்வாகம், எழுதுன புத்தகம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு எல்லா மேடையிலயும் சொல்லுவேன், என் ஸ்டூடன்ட்ஸ் சிரிக்கிறாங்க பாருங்க. இந்தம்மா ஆழத்தை அளந்துட்டுத்தான் காலையே வெச்சாங்க. தொழிற்சாலைக்கு எவ்ளோ தண்ணி வேணும்னு சின்ன வயசுலயே கணக்குப் போட்டவங்க. 1989-ல இங்கிலாந்துல தண்ணி சப்ளையை தனியாருக்கு வித்தாங்கல்ல, அதுக்கப்புறம் பில் கட்டுற ஜனங்க பக்கம் பேசுற கமிட்டி ஒன்னுக்குத் தலைவரா இருந்தாங்க.

2011 மார்ச். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ங்கிற யுனிவர்சிட்டில பெரிய ரகளை. லிபியாவை ஆண்ட கடாபியோட மகன் அங்க பிஎச்டி வாங்குனவரு, அவரோட அறக்கட்டளை 15 லட்சம் பவுண்டு நன்கொடை தர்றேன்னுச்சு, யுனிவர்சிட்டியும் சரின்னுச்சு. ஆழம் தெரியாம காலை விட்டாச்சு! இயக்குநர் ஹோவர்ட் டேவிஸ் ராஜினாமா. உடனே ரீஸ் அம்மாவைக் கூப்பிட்டாங்க. 1895-ல தொடங்குன இடம், ஒரு பெண் தலைமைக்கு வர 116 வருஷம், அதுவும் இடைக்கால இயக்குநர். வீடு பத்திக்கிட்டாதான் அம்மா ஞாபகம் வரும்போல.

அடுத்த வருஷமே ராயல் ஜியாகிராபிக்கல் சொசைட்டிங்கிற இங்கிலாந்து புவியியல் சங்கத்துக்கு ரீஸ் அம்மாதான் முதல் பெண் தலைவர். இங்கதான் ஒரு கதை இருக்கு, துணைவேந்தர் அம்மா கட்டாயம் கேக்கணும். 1830-ல ஆரம்பிச்ச சங்கம் அது. 1892-93-ல 22 பெண்களை உறுப்பினரா சேத்தாங்க, அதுல இசபெல்லா பேர்டும் ஒருத்தங்க, ஜப்பான், லடாக், பாரசீகம்னு குதிரை மேலயே சுத்துனவங்க. உடனே ஆம்பளைங்களுக்குள்ள சண்டை. உலகம் சுத்துற பொம்பளைங்க இந்த நூற்றாண்டோட கொடுமைன்னு ஒருத்தர் பேப்பருக்கே எழுதிட்டாரு, யாரு? நம்ம கர்சன்தான், பின்னாடி இந்தியாவுக்கு வைஸ்ராயா வந்து வங்காளத்தை ரெண்டா வெட்டுனாரே, அவரேதான்! சேந்த 22 பேரு இருக்கலாம், இனிமே ஒரு பொண்ணும் வேணாம்னு கதவைச் சாத்திட்டாங்க. கேளுங்க, 1911-ல அதே கர்சன் சங்கத்துக்குத் தலைவரா வந்தாரு, 1913-ல அவரு காலத்துலதான் கதவு திறந்துச்சு. திறந்த கதவு வழியா தலைவர் நாற்காலிக்கு ஒரு பெண் போய்ச் சேர இன்னும் 99 வருஷம்.

சரி, பெல் அடிக்கிறாங்க. புத்தகம் இன்னொரு நாள். நம்ம விஷயத்துக்கு வர்றேன், ஆள் கம்மின்னு சொல்லி ஜியாகிராபி டிபார்ட்மென்ட்டை வேற துறையோட ஒட்டிவிடுற வேலை நடக்குது, தண்ணிக்கும் வெள்ளத்துக்கும் தினமும் அடிச்சுக்குற காலத்துல மேப் படிக்கிறவங்களைக் குறைச்சா எப்படிங்க? வாசல் டேபிள்ல மனு இருக்கு. கையெழுத்துப் பக்கத்துல காலேஜ் பேரையும் எழுதுங்க, போன தடவை வெறும் கையெழுத்துன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.