ஒரு நொதியத்தின் பின்னால் நான்கு வருடம்

(இந்த ஆண்டு பல்கலைக்கழகம் நுழையும் உயிரியல் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஆற்றிய உரை. எழுத்துக்காகச் சில இடங்களில் செப்பம் செய்யப்பட்டது.)

எல்லோருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் அம்மாமாரும் அப்பாமாரும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் முதலில் ஒன்று. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதாமல் போய் விஞ்ஞான பீடத்துக்கு வரும் பிள்ளையை "பரவாயில்லை, என்ன செய்யிறது" என்று ஆறுதல் சொல்லி அனுப்பி வைக்காதீர்கள். அந்த ஆறுதலே பிள்ளையை முதல் வருடம் முழுக்கச் சோர்வாக வைத்திருக்கும். மருத்துவம், விவசாயம், விஞ்ஞானம் எதற்குப் போனாலும் கல உயிரியலையும் மூலக்கூற்று உயிரியலையும் தாண்டாமல் போக ஏலாது. இன்றைக்கு நான் கதைக்க வந்ததும் அதைப் பற்றித்தான்.

இனிப் பிள்ளைகளுக்கு. உயர்தர உயிரியலில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா செய்து வந்தவர்கள் நீங்கள். ரியூசனில் கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவர்கள். புள்ளித்திட்டத்தில் உள்ள சொல் விடையில் இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை என்பது உங்களுக்கு மனப்பாடம். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பரீட்சைக்கு அதுதான் வழி. ஆனால் கம்பஸுக்கு வந்தபிறகு அதே வழியில் கல உயிரியலைப் பாடமாக்கப் போனால் மூச்சு முட்டும். பெயர்கள் அவ்வளவு. போதாதற்கு, பாடம் துண்டு துண்டாக வருகிறது. நொதியங்கள் உயிரிரசாயனவியலில், பரம்பரையலகுகள் (ஜீன்கள்) பிறப்புரிமையியலில், மென்சவ்வுகள் கல உயிரியலில், மதுவங்களும் பற்றீரியாக்களும் நுண்ணுயிரியலில். நான்கு கொப்பி, நான்கு விரிவுரையாளர். கலத்துக்குள் இப்படி நான்கு அறைகள் கிடையாது.

என் யோசனை ஒன்றே ஒன்றுதான். முதல் வாரத்திலேயே ஒரு புரதத்தைத் தெரிவுசெய்யுங்கள். பட்டம் முடியும்வரை அதைக் கைவிடாதீர்கள். எந்த விரிவுரைக்குப் போனாலும் "இது என் புரதத்துக்கு என்ன செய்கிறது, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முதலாவதைவிட முக்கியம். ஈமோகுளோபினை எடுக்கலாம், இன்சுலினை எடுக்கலாம். எனக்குப் பிடித்தது இன்வேட்டேசு. மதுவம், அதாவது ஈஸ்ட் செய்கிற ஒரு நொதியம்; நொதியம் என்பது இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் புரதம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு நொதியம் கிடையாது என்று நினைக்கிறேன்.

பனையைச் சீவுகிறவர் முட்டியில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் காலையில் கருப்பணி (பதநீர்). காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாமல் கட்டினால் கள்ளு. மரம் ஒன்றுதான், பாளையும் ஒன்றுதான். பாளையிலிருந்து வடியும் சாற்றில் உள்ள வெல்லம் பெரும்பாலும் சுக்குரோசு. சுண்ணாம்பு சாற்றைக் காரமாக வைத்திருப்பதால் அதில் விழும் நுண்ணுயிர்கள் பெருகாமல் நிற்கின்றன. சுண்ணாம்பு இல்லாத முட்டியில் மதுவக் கலம் பெருகுகிறது. அந்தக் கலம் சுக்குரோசை அப்படியே விழுங்குவதில்லை. தன் மென்சவ்வுக்கு வெளியே, கலச்சுவரோடு ஒட்டிய இடத்தில் இன்வேட்டேசை அனுப்பி வைக்கிறது. அது சுக்குரோசைக் குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரிக்கிறது. அந்த இரண்டும்தான் உள்ளே போகின்றன. பிறகு நொதித்தல், அற்ககோல், மற்றதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிரான்சில் பெர்தலோ 1860இலேயே மதுவத்திலிருந்து இந்த நொதியத்தைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் நான் நின்று கதைக்க விரும்பும் ஆண்டு 1913. இடம் பேர்லின். லியோனோர் மைக்கேலிஸுக்குப் பெரிய பல்கலைக்கழகப் பதவி ஒன்றும் இல்லை. நகர வைத்தியசாலை ஒன்றில் ஒரு சிறிய ஆய்வுகூடம், அவ்வளவுதான். அவரோடு வேலை செய்தவர் மோட் மென்டன், கனடாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு பெண் மருத்துவர். அவர்கள் எடுத்துக்கொண்ட நொதியம் இதே இன்வேட்டேசு. உங்கள் கொப்பியில் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு வரும்; நொதியம் பிரிக்கும் பொருளின் செறிவோடு தாக்கத்தின் வேகம் எப்படி மாறும் என்று சொல்வது அது. படிநிலையாக அதைப் பெறச் சொல்லிப் பரீட்சையில் கேட்பார்கள். பெரும்பாலானோர் அதைப் பாடமாக்கிவிட்டு மறந்துவிடுவார்கள்.

அதை மறக்காமல் இருக்க வழி, அவர்கள் மேசையில் என்ன இருந்தது என்று பார்ப்பது. சுக்குரோசுக் கரைசலினூடே முனைவாக்கிய ஒளியை விட்டால் அது வலப்பக்கம் திரும்பும். பிரிந்த கலவை அதை இடப்பக்கம் திருப்பும். ஆகவே கரைசலைத் தொடாமலே ஒளி எவ்வளவு திரும்பியது என்று பார்த்து, எவ்வளவு வெல்லம் பிரிந்தது என்று கணக்கிடலாம். இவர்களுக்குப் பத்து வருடம் முன்பே விக்டர் ஹென்றி ஏறத்தாழ இதே சமன்பாட்டை எழுதியிருந்தார். அப்படியானால் ஏன் இவர்கள் பெயர் நிலைத்தது? அமிலமா காரமா என்று காட்டும் பீஎச் என்ற அளவு 1909இல்தான் வந்தது. இவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, தாங்கற் கரைசலில் பீஎச்சை நிலையாக வைத்தார்கள். விளைபொருள் சேர்ந்து நொதியத்தைக் குழப்ப முதல், தாக்கத்தின் தொடக்க வேகத்தை மட்டும் அளந்தார்கள். அப்போதுதான் தரவு ஒழுங்காக வளைகோட்டில் விழுந்தது. சமன்பாட்டில் பாதி உச்ச வேகத்துக்குரிய செறிவு என்று ஒரு மாறிலி வருகிறதே, அதன் பின்னால் இருப்பது கணிதத் திறமையைவிட இந்தப் பொறுமை. ஆய்வுகூட வகுப்பில் தாங்கற் கரைசல் தயாரிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது.

சரி, நொதியம் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது? இங்கே பிறப்புரிமையியல் கொப்பியைத் திறக்கிறோம். மதுவத்துக்கு 16 நிறமூர்த்தங்கள். 9ஆவதில் எஸ்யூசி2 என்ற பரம்பரையலகு இருக்கிறது. சூழலில் குளுக்கோசு தாராளமாக இருந்தால் வெளியே அனுப்பும் இன்வேட்டேசைக் கலம் செய்வதில்லை. கையில் காசு இருக்கும்போது எவரும் அடகு வைக்கப் போவதில்லைத்தானே. குளுக்கோசு குறைந்ததும் பரம்பரையலகு திறக்கிறது. 1982இல் மரியன் கார்ல்சனும் டேவிட் பொட்ஸ்டீனும் ஒரு விசித்திரத்தைக் காட்டினார்கள். இந்த ஒரே பரம்பரையலகிலிருந்து இரண்டு தூது ஆர்என்ஏக்கள் (புரதம் செய்வதற்கான செய்தியைக் கொண்டுபோகும் நகல்கள்) வருகின்றன. ஒன்று கொஞ்சம் நீளம், மற்றது கொஞ்சம் குட்டை. குட்டையானதிலிருந்து வரும் நொதியம் கலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நீளமானதிலிருந்து வருவதுதான் வெளியே போகிறது. குளுக்கோசுக்குக் கட்டுப்படுவதும் அந்த நீளமானதுதான்.

வித்தியாசம் என்ன? நீளமான புரதத்தின் முனையில், குட்டையானதில் இல்லாத 19 அமினோவமிலங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. மொத்தம் 532, அதில் முதல் 19 வழியில் வெட்டப்பட்டு 513 மிஞ்சுகிறது. அந்த 19தான், புரதம் கட்டுகிற இறைபோசோமை அகமுதலுருச் சிறுவலைக்கு, அதாவது கலத்துக்குள் இருக்கும் மென்சவ்வு வலைக்குக் கூட்டிப்போகிற அடையாளம். புரதத்துக்குள்ளேயே அது போகவேண்டிய இடம் எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்தை 1970களில் நிறுவியவர் குந்தர் புளோபல். 1999இல் அவருக்கு நோபல் கிடைத்தது. விரிவுரையில் இது ஒரு வரியாகப் போய்விடும். நீங்கள் இன்வேட்டேசைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் இந்த ஒரு வரி உங்களுக்குக் கதையாக நிற்கும். ஒரே நொதியம், 19 எழுத்து இருந்தால் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே.

இனிக் கல உயிரியல் கொப்பி. சிறுவலை, கொல்கி உபகரணம், புடகம் (சரக்கு கொண்டுபோகும் சின்னப் பை), மென்சவ்வு என்று அம்புக்குறி போட்ட படம் எல்லோரும் வரைந்திருக்கிறீர்கள். ஜோர்ஜ் பலாடே சதையியின் கலங்களில் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோவமிலத்தைக் கொடுத்து, அது நேரத்தோடு எங்கெங்கே போகிறது என்று இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து அந்தப் படத்தை நமக்குத் தந்தார். 1974இல் நோபல். வழி தெரிந்தது. ஆனால் அந்த வழியை நடத்துகிற புரதங்கள் எவை என்று தெரியவில்லை.

அதற்குத்தான் கலிபோர்னியாவில் ராண்டி ஷெக்மன் மதுவத்தை எடுத்தார். சூழலில் இருந்த பலர் மதுவத்தில் சுரப்பைப் படிக்கலாமா என்று சந்தேகப்பட்ட காலம் அது. அவரும் மாணவர் பீற்றர் நோவிக்கும் வெப்பநிலைக்கு உணர்வுள்ள விகாரிகளை, அதாவது பரம்பரையலகு மாறிப்போன கலங்களைத் தேடினார்கள். 25 பாகையில் சாதாரணமாக வளரும், 37 பாகைக்கு ஏற்றினால் சுரப்பு நின்றுவிடும். எதை அளந்து கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அமிலப் பொஸ்பற்றேசு என்ற நொதியத்தையும், நம்முடைய இன்வேட்டேசையும். வெளியே வரவேண்டிய நொதியம் உள்ளே தேங்கியிருந்தால் அந்தக் கலத்தில் சுரப்புப் பாதை பழுது. இன்னொரு கெட்டித்தனமும் இருக்கிறது. சுரக்க முடியாத கலம் புரதம் செய்துகொண்டே இருக்கும், ஆனால் மேற்பரப்பு பெருகாது, ஆகவே அடர்த்தி கூடும். அடர்த்தியால் அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1980இல் 23 பரம்பரையலகுகள் கையில் இருந்தன.

ஏ9 பாதை (கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை) மூடியிருந்த காலம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். ஓமந்தையில் மறித்தால் லொறி வரிசை ஓமந்தைக்குத் தெற்கே, முகமாலையில் மறித்தால் முகமாலைக்குத் தெற்கே. வரிசை எங்கே நிற்கிறது என்று சொன்னால் தடை எங்கே என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். ஷெக்மன் செய்ததும் அதுவே. அந்தப் பரம்பரையலகுகளுக்கு செக்1, செக்7, செக்18 என்று பெயர் போகும். செக்18 பழுதானால் இன்வேட்டேசு சிறுவலையிலேயே தேங்கும், அதில் ஒட்டிய வெல்லச் சங்கிலிகள் குட்டையாக இருக்கும். செக்7 பழுதானால் கொல்கியில் தேங்கும். செக்1 பழுதானால் கலம் முழுக்கப் புடகங்கள். அப்போது வெல்லச் சங்கிலி நீண்டிருக்கும், ஏனெனில் கொல்கியைத் தாண்டி வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜேம்ஸ் ரொத்மன் முலையூட்டிக் கலங்களிலிருந்து, புடகம் மென்சவ்வோடு சேர உதவும் ஒரு புரதத்தைத் தனியாகச் சுத்திகரித்து வைத்திருந்தார். அதன் வரிசையைப் பார்த்தால் அது மதுவத்தின் செக்18க்கு உறவு. கள்ளு முட்டிக் கலத்தில் சிறுவலையிலிருந்து கொல்கிக்குப் போய்ச் சேர உதவுவதும், நமது சதையி இன்சுலினை வெளியே விட உதவுவதும் ஒரே குடும்பத்துப் புரதங்கள். 2013இல் இருவருக்கும், நரம்புக் கலங்களில் இதைப் படித்த தோமஸ் சூட்ஹோஃபுக்கும் நோபல். மதுவத்துக்குச் சுரக்கத் தெரியும் என்பதால்தான் 1980களிலேயே அதைக்கொண்டு மனித இன்சுலின் தயாரிக்கத் தொடங்கினார்கள். நீரிழிவு இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. பெற்றோர் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

வேறு சில விடயங்களைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு. உயிரியல் பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம் என்று எவரோ கிளப்பிவிட்ட கதையை நம்பாதீர்கள். நல்ல ஊட்டத்தில் மதுவக் கலம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பெருகும். 24 மணித்தியாலத்தில் 16 தடவை; ஒன்று 65,536 ஆகும். இதை மடக்கைத் தாளில் வரையத் தெரியாதவர் வளர்ச்சி வளைகோட்டை விளங்கவே முடியாது. ஐதாக்கற் கணக்குகள் இன்னும் மோசம். ஆய்வுகூடத்தில் அரைவாசித் தவறுகள் மைக்குரோலீற்றரையும் மில்லிலீற்றரையும் குழப்புவதால் வருபவை. முதல் மாதத்திலேயே ஐதாக்கலைக் கை பழக்கிக்கொள்ளுங்கள்.

மொழி. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். பயப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, இரவில் பக்கத்து அறைப் பிள்ளைக்கு அன்றைய பாடத்தைத் தமிழில் விளங்கப்படுத்துங்கள் என்பது. விளங்கப்படுத்த முடிந்தால் ஆங்கிலத்தில் எழுதுவது பழக்கம் மட்டும்தான். முடியாவிட்டால் ஆங்கிலம் அல்ல, பாடம்தான் விளங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்த ஊர் இது.

வேலை கிடைக்குமா என்று எப்படியும் கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், இந்தப் பட்டத்தோடு வாசலில் காத்திருக்கும் வேலை இங்கே குறைவு. மேற்படிப்பு, கற்பித்தல், வைத்தியசாலை ஆய்வுகூடங்கள், உணவு, விவசாயம் என்று வழி தேடவேண்டும். இறுதி வருட ஆய்வை ஏனோதானோ என்று செய்யாத பிள்ளைக்கு அந்த வழி கொஞ்சம் சுருக்கம்.

கடைசியாக ஒரு கணக்குத் தந்துவிட்டுப் போகிறேன், மேடையில் விடை சொல்லப்போவதில்லை. செக்1, செக்18 இரண்டும் ஒரே கலத்தில் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 பாகைக்கு ஏற்றுகிறீர்கள். இன்வேட்டேசு எங்கே தேங்கும், அதன் வெல்லச் சங்கிலி குட்டையா, நீளமா? இரண்டாவது பகுதி கொஞ்சம் கடினம். செக்1 மட்டும் பழுதான கலத்தை 37 பாகையில் வைத்துப் புடகங்கள் நிரம்பிய பிறகு 25 பாகைக்கு இறக்குகிறீர்கள். வெளியே இன்வேட்டேசு கூடத் தொடங்குகிறது. அது தேங்கி நின்ற பழைய நொதியமா, இறக்கிய பிறகு புதிதாகச் செய்ததா? இதைப் பிரித்தறிய என்ன பரிசோதனை செய்வீர்கள்? தாளில் எழுதுங்கள், பெயர் போடத் தேவையில்லை. தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பின்பக்க மேசையில் இருப்பேன், அங்கே கொண்டு வாருங்கள்.