வளைக்குள் ஓடாத கிரவுண்ட்ஹாக்

அவையோருக்கு வணக்கம்.

அணில் கடித்தால் ரேபிஸ் வருமா என்று அமெரிக்காவில் ஒரு மருத்துவரைக் கேட்டால், "பயப்படாதீர்கள், அநேகமாக வராது" என்பார். சரியான பதில்தான். அணில், சுண்டெலி போன்ற சிறு கொறித்துண்ணிகளிடம் அந்த நோய் காணப்படுவது மிக அரிது. ஆனால் அந்த ஆறுதலை அப்படியே கிரவுண்ட்ஹாக்குக்கும் நீட்டிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கவலை.

கிரவுண்ட்ஹாக்கும் கொறித்துண்ணிதான். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வயலோரத்திலும் தோட்டத்திலும் வளை தோண்டி வாழ்வது. நான்கைந்து கிலோ வரை சாதாரணமாக வளரும். அமெரிக்காவில் ரேபிஸ் உறுதியான கொறித்துண்ணிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரே இனம். ரக்கூன் என்பது அமெரிக்காவில் பூனையைவிடச் சற்றுப் பெரிதாக வளரும் ஒரு காட்டு விலங்கு. வெறிபிடித்த ரக்கூனின் வாயில் அகப்பட்ட அணில் அங்கேயே செத்துவிடும். வைரஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏற அவகாசமே கிடைப்பதில்லை. கிரவுண்ட்ஹாக் உடல் பெரிது. கடிபட்டும் பிழைத்து ஓடிவிடும், நோயையும் சுமந்துகொண்டு. ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் இது.

அதனிடம் காணப்படுவது பெரும்பாலும் ரக்கூன்களுக்கே உரிய ரேபிஸ் வகை. ரக்கூன்களிடம் அது எப்படி இவ்வளவு பரவியது? இதில் நம் மனிதர்களின் கை இருக்கிறது. 1970களில் வேட்டைக்காகத் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து ரக்கூன்களைப் பிடித்துவந்து வடக்கே விட்டார்கள். 1970களின் இறுதியில் மேற்கு வர்ஜீனியா, வர்ஜீனியா பக்கம் தலைகாட்டிய நோய், கிழக்குக் கரையோரம் நெடுகப் பரவியது. இன்று அதைத் தடுக்க, தடுப்பு மருந்து பொதிந்த இரையை விமானத்திலிருந்து காடுகளில் தூவுகிறார்கள். இந்த வழிக்கு முன்னோடி சுவிட்சர்லாந்து. அங்கே 1978இல் நரிகளுக்காகக் கோழித் தலைகளில் மருந்தை வைத்துப் போட்டார்கள். விலங்கைக் கொன்று குவிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ரக்கூன் இரவில் திரியும் விலங்கு என்பதால், அது பகலில் நடமாடினாலே நோயோ என்று சிலர் பதறுவார்கள். கிரவுண்ட்ஹாக் பகலில் மேய்கிற பிராணி. வெயிலில் கண்டால் அதில் விசேஷம் எதுவும் இல்லை. ஆளைக் கண்டதும் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். நலமாக இருந்தால் ஒரு சீழ்க்கை, உடனே வளைக்குள் பாய்ச்சல். வளை பக்கத்திலேயே இருந்தும் நுழையாமல் தள்ளாடினால், பின்னங்கால் இழுத்தால், ஓட வேண்டியது உங்கள் செருப்பை நோக்கி வந்தால், குழந்தைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டதா? உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும். 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அடுத்தது மருத்துவமனை. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தோன்றிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நாய், பூனையைப் போல 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்கும் முறை காட்டு விலங்குக்குப் பொருந்தாது. அறிகுறி தெரிவதற்கு எத்தனை நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வரும் என்ற கணக்கு அவற்றுக்கு இல்லை. மூளைத் திசுவைச் சோதித்தால்தான் முடிவு தெரியும். ஆகவே கடித்த விலங்கைக் கொல்ல நேர்ந்தாலும் அதன் தலையில் மட்டும் அடிக்கக் கூடாது. மூளை சிதைந்தால் ஆய்வகத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. கடிபட்டவருக்கு ரேபிஸ் தடுப்பு ஊசிகள் முழுவதையும் போட்டே தீர வேண்டியிருக்கும்.